கம்ப்யூட்டரில் பைபிள் படிக்கலாமா? சாதகங்களும் பாதகங்களும்

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் உதவிகளில் ஒன்று, "பைபிள் சாப்ட்வேர் ஒன்று போட்டுக் கொடுங்கள்" என்பது. சாந்தோம், மந்தைவெளி, அடையாறு, தி.நகர் பக்கம் இதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் வீட்டுப் பெரியவர்கள். ஓய்வு பெற்றவர்கள், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவர்கள், ஜெபக் கூட்டங்களில் பேசுபவர்கள். இன்ஸ்டால் செய்து முடித்தவுடன் அடுத்த கேள்வி வரும். "இனிமேல் புத்தகமே தேவையில்லையா?"

இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. இந்த சாப்ட்வேர்கள் சில வேலைகளை மிக நன்றாகச் செய்கின்றன. ஆனால் இவற்றில் பல ஆங்கிலத்தை மனதில் வைத்து உருவாக்கப்பட்டவை. தமிழில் பயன்படுத்தும்போது சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளாவிட்டால், தவறான விடையைச் சரி என்று நம்பிவிடுவோம். எனவே இரண்டு பக்கத்தையும் பார்க்கலாம்.

பைபிள் சாப்ட்வேர் என்பது என்ன?

இதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, மெயின் புரோகிராம். தேடுவது, காட்டுவது, குறிப்பு எழுதுவது எல்லாம் இதன் வேலை. மற்றொன்று, மாட்யூல் எனப்படும் பைல்கள். ஒவ்வொரு மொழிபெயர்ப்பும், அகராதியும், விளக்கவுரையும் ஒரு மாட்யூல். டி.வி.டி. பிளேயரையும் டிஸ்க்கையும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேயர் நன்றாக இருந்து டிஸ்க் சரியில்லை என்றால் படம் தெரியாது. தமிழ் வாசகர்களுக்கு வரும் பிரச்னைகளில் பாதி இந்த மாட்யூல்களால் வருபவையே.

விண்டோஸில் இலவசமாகக் கிடைப்பவற்றில் இ-ஸ்வோர்டு பலருக்கும் தெரிந்தது. ரிக் மேயர்ஸ் என்பவர் 2000-ம் ஆண்டில் வெளியிட்டது. 'தி வேர்டு' என்பதும் இலவசமே. இதைப் பென் டிரைவில் வைத்தும் இயக்கலாம். ஸைபோஸ் என்பது ஓப்பன் சோர்ஸ் வகை. லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஓடும். லோகோஸ் என்பது பெரிய நூலகம் போன்றது. இதில் இலவசப் பதிப்பு உண்டு என்றாலும், கூடுதல் வசதிகளுக்கு 2024 முதல் சந்தா முறை வந்திருக்கிறது. இன்ஸ்டால் செய்யாமல் பிரவுசரிலேயே படிக்க 1993-ல் தொடங்கிய பைபிள் கேட்வேயும், மொபைலில் படிக்க 2008-ல் வந்த யூவெர்ஷனும் இருக்கின்றன.

சாதகங்கள்

முதல் சாதகம், வேகம். புராட்டஸ்டண்ட் பைபிளில் 66 நூல்கள், 1189 அதிகாரங்கள், 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வசனங்கள். ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பார்க்க, முன்பு தடிமனான ஒத்தவாக்கிய அகராதியைப் புரட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் சொல்லை டைப் செய்து என்டர் தட்டினால், சில நொடிகளில் பட்டியல் வந்துவிடும்.

இரண்டாவது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதி. தமிழில் ஒரே ஒரு பைபிள் மொழிபெயர்ப்புதான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. நம் சென்னை வேப்பேரியில் இருந்த பப்ரிசியஸின் புதிய ஏற்பாடு 1772-ல் வந்தது. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்ட பதிப்பு 1871-ல் வந்தது. சி.எஸ்.ஐ. போன்ற சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய திருப்புதல் இந்த வழியில் வந்ததே. கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்படும் பொது மொழிபெயர்ப்பு 1995-ல் வெளியானது. புத்தகமாக இரண்டு மூன்றை மேஜையில் விரித்து வைப்பது சிரமம். திரையில் எளிது.

இதைச் சோதிக்க ஒரு சிறிய பயிற்சி. சங்கீதம் 136-ஐத் திறவுங்கள். பொது மொழிபெயர்ப்பில் இதன் பெயர் திருப்பாடல்கள் 136. இதில் 26 வசனங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே பல்லவி திரும்ப வரும். பழைய திருப்புதலில் அந்தப் பல்லவியில் 'கிருபை' என்ற சொல் இருக்கும். பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் 'பேரன்பு' என்று இருக்கும். இரண்டையும் அருகருகே பார்த்தவுடன், "மூலத்தில் என்ன சொல் இருந்தது?" என்ற கேள்வி தானாக வரும்.

அதற்கு விடை தருவதுதான் மூன்றாவது சாதகம். ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்பவர் 1890-ல் வெளியிட்ட ஒத்தவாக்கிய அகராதியில், மூலமொழிச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். இ-ஸ்வோர்டு போன்ற சாப்ட்வேர்களில், ஸ்ட்ராங் எண் சேர்த்த ஆங்கில கிங் ஜேம்ஸ் மாட்யூல் கிடைக்கிறது. சங்கீதம் 136-ல் அந்த இடத்தில் உள்ள எண்ணின் மேல் மவுஸைக் கொண்டு போனால், எபிரேயம் 2617, 'ஹெசெத்' என்று காட்டும். எபிரேய எழுத்தே தெரியாதவர்களும் இவ்வளவு தூரம் போய்ப் பார்க்க முடிவது பெரிய விஷயம்.

நான்காவது, எழுத்தின் அளவு. கண் பார்வை குறைந்தவர்களுக்கு இது ஒன்றே போதும். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு மவுஸ் வீலைச் சுற்றினால் பல புரோகிராம்களில் எழுத்து பெரிதாகும். இல்லாவிட்டால் பாண்ட் மெனுவில் அளவை மாற்றிக்கொள்ளலாம்.

பாதகங்கள்

1. தமிழில் தேடும்போது பாதி விடைதான் வரும்

மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியை ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறார். ஒரு நாள் போன் செய்தார்.

"தம்பி, மரங்களைப் பத்திப் பிள்ளைங்களுக்கு ஒரு பாடம் தயார் பண்றேன். 'மரம்'னு போட்டுத் தேடினா சகேயு கதையே வரலையே?"

"அங்க 'மரத்தில்'னு இருக்கும் டீச்சர். அதான் அதுக்குத் தெரியலை" என்றேன்.

சகேயு மரத்தில் ஏறிய கதை லூக்கா 19-ம் அதிகாரத்தில் இருக்கிறது. சிறுவர்களுக்கு மிகவும் பிடித்த கதை. டீச்சருக்கு அந்தக் கதை மனதில் இருந்ததால் பட்டியலில் குறை இருப்பது தெரிந்தது. பைபிளை இப்போதுதான் படிக்கத் தொடங்கியவராக இருந்தால், வந்த பட்டியலே முழுமையானது என்று நம்பியிருப்பார்.

காரணம் இதுதான். யூனிகோட் முறையில் 'மரம்' என்பதைக் கம்ப்யூட்டர் ம, ர, ம, புள்ளி என்று நான்கு குறிகளாக வைத்திருக்கிறது. 'மரத்தில்' என்பதில் ம, ர வரைதான் ஒற்றுமை. அதன் பிறகு த, புள்ளி என்று வேறு வழியில் போய்விடுகிறது. நமக்கு இரண்டும் ஒரே சொல். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு. ஆங்கிலத்தில் சொல்லின் முடிவு இவ்வளவு மாறுவதில்லை. தமிழில் வேற்றுமை உருபு சேரும்போதெல்லாம் மாறும்.

சரி, 'மர' என்று மட்டும் தேடினால்? 'மரணம்' வந்து நிற்கும். 'மரியாள்' வரலாம். பைபிளில் இவை இரண்டும் எத்தனை இடங்களில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பட்டியலில் மரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும்.

எனவே மூன்று முறை தேட வேண்டும். 'மரம' என்று தேடினால் மரம், மரமும், மரமாக ஆகியவை கிடைக்கும். 'மரத்த' என்றால் மரத்தை, மரத்தில், மரத்தின் கிடைக்கும். 'மரங்க' என்றால் மரங்கள், மரங்களை கிடைக்கும். தேடும் முன், முழுச் சொல்லை மட்டும் தேடு என்ற பொருளில் உள்ள கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். சில புரோகிராம்கள் புள்ளி வைத்த எழுத்தையும் வைக்காத எழுத்தையும் தனித்தனியாகப் பார்க்கும். அவற்றில் 'மரம்' என்பதையும் ஒரு முறை தனியாகத் தேடிவிடுங்கள்.

இதே போல 'கர்த்தர்' என்று புள்ளியோடு தேடினால் 'கர்த்தரை', 'கர்த்தருடைய' ஆகியவை விட்டுப்போகும். 'கர்த்தர' என்று தேட வேண்டும். 'அன்பு' என்று தேடினால் 'அன்பின்', 'அன்பினால்' வராது. 'அன்ப' என்று தேடினாலும் 'பேரன்பு' வராது, ஏனென்றால் 'பேர்' என்பதோடு சேர்ந்ததும் 'அ' என்ற எழுத்தே அங்கு இல்லை. அதற்கு 'ரன்ப' என்று ஒரு முறை தேட வேண்டும்.

ஆகவே, "இந்தச் சொல் பைபிளில் இத்தனை முறைதான் வருகிறது" என்று கம்ப்யூட்டர் காட்டும் எண்ணிக்கையை மேடையில் சொல்லாதீர்கள். அது அந்த ஒரு வடிவத்தின் எண்ணிக்கை. கிடைத்ததை நம்பலாம். கிடைக்கவில்லை என்பதை மட்டும் உடனே நம்பக் கூடாது.

2. பாண்ட் பிரச்னை

யூனிகோட் பரவுவதற்கு முன், தமிழ் பாண்ட் தயாரித்த ஒவ்வொருவரும் எழுத்துகளைத் தங்கள் விருப்பப்படி வரிசைப்படுத்தினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் இதற்கு ஓர் ஒழுங்கு கொண்டுவர முயன்றார்கள். தமிழ் 99 கீபோர்டு அமைப்பு வந்ததும் அப்போதுதான். 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இருந்தாலும் பழைய பாண்டுகளில் தயாரான தமிழ் பைபிள் பைல்கள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. திரையில் பார்க்க அழகாக இருக்கும். தேடினால் ஒன்றும் கிடைக்காது.

கண்டுபிடிப்பது எளிது. ஒரு வசனத்தைக் காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோட். ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வந்தால் பழைய பாண்ட். அதை விட்டுவிட்டு வேறு மாட்யூல் தேடுங்கள்.

3. உங்கள் பைபிள் அதில் முழுமையாக இருக்கிறதா?

கத்தோலிக்க பைபிளில் 73 நூல்கள். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, இரண்டு மக்கபேயர் நூல்கள் ஆகிய ஏழும் புராட்டஸ்டண்ட் பதிப்பில் கிடையாது. தானியேல் நூலில் 12-க்கு பதிலாக 14 அதிகாரங்கள் இருக்கும். இலவச சாப்ட்வேர்களில் கிடைக்கும் தமிழ் மாட்யூல்கள் பலவும் 66 நூல் கணக்கில் அமைந்தவை. சாந்தோம் பேராலயத்தில் கேட்ட வாசகத்தை வீட்டுக்கு வந்து தேடுபவருக்கு, அந்த நூலின் பெயரே மெனுவில் இல்லாமல் போகலாம். நூல்களின் பெயர்களும் வேறு. ஆதியாகமம் அங்கே தொடக்க நூல். யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம். சகேயுவின் பெயர்கூட 'சக்கேயு' என்று இருக்கும். எந்தப் பதிப்பைத் திறந்திருக்கிறீர்களோ, அந்தப் பதிப்பின் சொல்லைக் கொண்டுதான் தேட வேண்டும்.

4. இலவச விளக்கவுரைகள் மிகப் பழையவை

இலவசமாகக் கிடைப்பவற்றில் மேத்யூ ஹென்றி, ஆடம் கிளார்க் ஆகியோரின் விளக்கவுரைகள் பிரபலம். மேத்யூ ஹென்றி இறந்தது 1714-ல். ஆடம் கிளார்க் இறந்தது 1832-ல். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால்தான் அவை இலவசம். பக்தி நூல்களாக அவற்றுக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் 1947 முதல் கிடைத்த சாக்கடல் சுருள்களைப் பற்றி அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அவை ஆங்கிலத்தில் இருப்பவை என்பதையும் மறக்க வேண்டாம்.

5. எண்ணைப் பார்த்துப் பண்டிதராகிவிட முடியாது

ஸ்ட்ராங் எண்ணைத் தட்டினால், அந்தச் சொல்லுக்கு நான்கைந்து பொருள்கள் வரிசையாக வரும். அவற்றில் நமக்குப் பிடித்ததை எடுத்து வசனத்தில் பொருத்திவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். "மாடிப்படியில் உட்கார்ந்து படி" என்ற வாக்கியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரியாத ஒருவர் அகராதியில் 'படி' என்று பார்த்தால், படிக்கட்டு, வாசித்தல், அரிசி அளக்கும் படி என்று எல்லாமே கிடைக்கும். "இங்கே அரிசி அளப்பது பற்றியும் மறைபொருளாகச் சொல்லியிருக்கிறது" என்று அவர் பேசினால் நாம் சிரிப்போம். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் நாம் செய்வது அதுவாகவே இருக்கலாம். பொருளை முடிவு செய்வது அந்த வாக்கியம். அகராதியின் பட்டியல் அல்ல.

6. சாப்ட்வேருக்கும் ஆயுள் உண்டு

பைபிள்வொர்க்ஸ் என்ற சாப்ட்வேர் 26 ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. இறையியல் மாணவர்களும் போதகர்களும் விலை கொடுத்து வாங்கினார்கள். 2018 ஜூனில் அந்த நிறுவனம் மூடப்பட்டது. வாங்கியவர்களின் கம்ப்யூட்டரில் அது உடனே நின்றுவிடவில்லை. ஆனால் புதிய விண்டோஸுக்கு ஏற்றபடி மாற்றித் தர யாரும் இல்லை.

மாட்யூல் போனால் வேறு மாட்யூல் கிடைக்கும். நீங்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிய குறிப்புகள் போனால் கிடைக்காது. பல சாப்ட்வேர்கள் குறிப்புகளைத் தங்களுக்கே உரிய பைல் வகையில் சேமிக்கின்றன. அதை வேறு புரோகிராமில் திறக்க முடியாது. எனவே மாதம் ஒரு முறை குறிப்புகளை வேர்டு பைலாகவோ சாதாரண டெக்ஸ்ட் பைலாகவோ எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். அந்த வசதி இல்லையென்றால், குறிப்புகளை அதில் எழுதாமல் வேர்டிலேயே எழுதுங்கள்.

ஒரு பிரதியை வீட்டுக்கு வெளியே வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைப் பகுதி வீடுகளில் தண்ணீர் புகுந்தபோது, அலமாரியில் இருந்த புத்தகமும் நனைந்தது, மேஜைக்குக் கீழே இருந்த சி.பி.யு.வும் நனைந்தது. மகன் வீட்டில் ஒரு பென் டிரைவ் அல்லது இணையத்தில் ஒரு பிரதி இருந்தால் போதும்.

இன்ஸ்டால் செய்யும் முன்

புரோகிராமை அதன் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். வேறு தளங்களில் கூடவே வேண்டாத புரோகிராம்களும் வந்து உட்கார்ந்துகொள்ளும். தமிழ் மாட்யூலைப் பொறுத்தவரை, யார் தயாரித்தது, எந்த மொழிபெயர்ப்பு, அனுமதி உண்டா என்று பாருங்கள். பயனாளர்களே டைப் செய்து பகிரும் பைல்களில் எழுத்துப் பிழைகள் இருக்கலாம். 2019-ல் வந்த இந்தியன் ரிவைஸ்டு வெர்ஷன் தமிழ்ப் பதிப்பு, யாரும் பகிர்ந்துகொள்ளலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிறது.

தமிழில் டைப் செய்ய, விண்டோஸ் 10, 11-ல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ் சென்று தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு போனடிக் கீபோர்டைத் தேர்ந்தெடுத்தால், ஆங்கில எழுத்துகளை அழுத்தித் தமிழைப் பெறலாம். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும்.

பிறகு, இந்த நான்கு சோதனைகளைச் செய்து பாருங்கள்.

* ஒரு வசனத்தை நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். தமிழாக வருகிறதா?
* 'மரம்', 'மரத்த' இரண்டையும் தேடுங்கள். இரண்டாவது தேடலில் லூக்கா 19 வருகிறதா?
* நூல்களின் பட்டியலை உங்கள் வீட்டுப் புத்தகத்தின் பொருளடக்கத்துடன் ஒப்பிடுங்கள். எல்லாம் இருக்கிறதா?
* இரண்டு வரி குறிப்பு எழுதி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வேர்டில் திறக்கிறதா?

நான்கிலும் தேறினால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

யாருக்கு எது?

தினமும் ஓர் அதிகாரம் வாசித்து ஜெபிப்பவருக்குப் புத்தகமே போதும். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் செய்தி நடுவில் குறுக்கிடும். புத்தகத்தில் அந்தத் தொல்லை இல்லை. பார்வை குறைந்தவர்கள் மொபைலிலோ கம்ப்யூட்டரிலோ எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். பாடம் எடுப்பவர்களும் பேசுபவர்களும் இலவச சாப்ட்வேர் ஒன்றில் இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளையும் ஸ்ட்ராங் எண் உள்ள ஓர் ஆங்கிலப் பதிப்பையும் வைத்துக்கொண்டால் போதுமானது. இறையியல் படிப்பவர்கள் மட்டும் லோகோஸ் போன்ற கட்டண சாப்ட்வேர்களைப் பற்றி யோசிக்கலாம். அதிலும் முதலில் இலவசப் பதிப்பை ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எதை வைத்துக்கொண்டாலும், தேடிக் கிடைத்த வசனத்திற்கு முன்னும் பின்னும் பத்து வசனங்களையாவது படிக்கும் பழக்கம் தேவை. தேடல் பட்டியல் ஒற்றை வரியாகத்தான் காட்டும். அதை யார், யாரிடம், எப்போது சொன்னார்கள் என்பது அந்த வரியில் இருக்காது.

இங்கே சொன்ன தேடல் முறை பைபிளுக்கு மட்டும் உரியதல்ல. 1998 முதல் மதுரைத் திட்டம் இணையத்தில் வெளியிட்டு வரும் தமிழ் இலக்கியங்களில் தேடினாலும், 1330 குறளில் தேடினாலும், நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தில் தேடினாலும் இதே கதைதான். சொல்லின் வேரைப் பிடித்து, அது மாறும் வடிவங்களை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடுங்கள். விடுபட்டவை கிடைக்கும்.